ஆறு வார வெள்ளை

ஜெபக்கனி பேனாவை வாங்கவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, மேசைமேல் இருந்த மன்னிப்புக் கடிதத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டாள்.

"சிகரெட்டக் கையால தொட்டதில்ல நான். குடிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னா எப்படிப் போடுவேன்? நீங்களே சொல்லுங்க மேடம்."

சங்கரவடிவுக்கு இது புதிதில்லை. பாளையங்கோட்டை எலும்பு மையத்தில் அவள், எலும்புப் படங்களைப் படித்துச் சொல்லும் வாசிப்பாளராக வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சிவப்பு முத்திரை வாங்கிய எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஆண்கள் சத்தம் போடுவார்கள், பெண்கள் அழுவார்கள். பத்து நிமிஷத்தில் அடங்கிப்போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கருணைப் பட்டியலில் இடம் உண்டா என்று கேட்பார்கள். இவள் அழவுமில்லை, அடங்கவுமில்லை.

"எக்கா, கோவப்படாதிய. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்," என்றாள் சங்கரவடிவு. "கால நினைச்சுப் பாருங்க."

காலை நினைக்காமல் ஜெபக்கனி என்றைக்கு இருந்தாள்? ஆவணி மாதம் நீதிமன்றப் படியில் கட்டுக் காகிதத்தோடு சறுக்கி விழுந்தவள். தொடை எலும்பு இரண்டு துண்டு. கம்பி வைத்தார்கள், மூன்று மாதம் படுக்க வைத்தார்கள், எலும்பு சேரவில்லை. இனி ஒரே வழி எலும்பு விதை. அவரவர் மஜ்ஜையில் இருந்தே எடுத்து, வளர்த்து, கூழாக்கி முறிவுக்குள் வைப்பார்கள். இரண்டு மாதத்தில் முளைத்து எலும்பாகிவிடும். ஆனால் அதற்கும் கெடு உண்டு. மார்கழி முடிவதற்குள் வைக்காவிட்டால் முறிந்த முனைகள் வழவழவென்று மூடிக்கொள்ளும். அதன்பிறகு விதைக்குப் பிடிமானம் கிடையாது. அந்தக் கால் ஆயுசுக்கும் தொங்குகால்தான்.

விதை எல்லாருக்கும் கிடைக்காது. எலும்பில் புகைக் கறை இருந்தால் சிவப்பு முத்திரை. சிவப்பு விழுந்தவருக்கு ஐந்து வருஷத்துக்கு விதை இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் கருணைப் பட்டியலில் பெயர் சேர்ந்து, விதை கிடைக்க ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் கடிதத்தின் நகல் வீட்டுக்கும் போகும், வேலை பார்க்கும் இடத்துக்கும் போகும்.

"அப்படி என்னத்தத்தான் பாத்துச்சு உங்க மிஷினு? எனக்குக் காட்டுங்க," என்றாள் ஜெபக்கனி.

யாரும் இப்படிக் கேட்டதில்லை. சங்கரவடிவு திரையை அவள் பக்கம் திருப்பினாள். தொடை எலும்பின் குறுக்குவெட்டு பெரிதாகத் தெரிந்தது. நூல் சுற்றிய கண்டு மாதிரி வரிவரியாக இருந்தது.

"எலும்பு சும்மா கிடக்கிற கட்டை இல்லக்கா. உள்ள எப்பவும் கொத்தனார் வேலை நடந்துக்கிட்டே இருக்கும். பழசச் சுரண்டி எடுக்க ஒரு கூட்டம், புதுசாப் பூச ஒரு கூட்டம். வாரத்துக்கு ஒரு வரி பூசும். புகை உள்ள போச்சுன்னா ரத்தக்குழாய் சுருங்கிரும். பூசுத கூட்டம் மயங்கிப் படுத்துக்கிடும். சுரண்டுத கூட்டம் மட்டும் சுரண்டிக்கிட்டே இருக்கும். அந்த வாரத்து வரி மெலிஞ்சு, கறுத்துப் போயிரும். உங்களுக்குப் பாருங்க. ஒம்பது வருஷமா கருப்பு."

"கண்டிப்பாக் கருப்பாத்தான் இருக்கும்," என்றாள் ஜெபக்கனி. "எங்க வக்கீல் சார் ரூம்ல வந்து ஒரு நாள் உக்காந்து பாருங்க, உங்க எலும்பும் கறுக்கும். பத்துக்குப் பத்து ரூம். ஏசி போட்டு ஜன்னல அடைச்சிருக்கு. சாருக்குக் கையில சிகரெட் இல்லன்னா டிக்டேஷன் வராது. என் நாற்காலிக்குப் பின்னால அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே சொல்லுவாவ, நான் டைப் அடிப்பேன். ஒம்பது வருஷமா இப்படித்தான், வெளிய போய்க் குடிச்சா தெருக் கேமரா பிடிச்சிரும்லா?"

அது உண்மைதான். தெருவில் புகைப்பவனைப் பிடிக்கச் சட்டம் போட்ட புண்ணியவான்கள், அவன் அதை எங்கே கொண்டுபோய் ஊதுவான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஊர் முழுக்கக் காற்று சுத்தமாகிவிட்டதாம், மெடல் குத்திக்கொண்டார்கள். புகை எல்லாம் பூட்டிய அறைக்குள் போய், அங்கே எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பவளின் நெஞ்சில் இறங்கியது. மனு எழுத இயந்திரம் கூடாது, மனிதக் கையால் தட்டச்சு செய்து பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீதிமன்றம் விதி வைத்திருந்ததால் ஜெபக்கனிக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு போக்கும் இல்லை.

"அடுத்தவங்க புகையா இருந்தா வெளிர் கோடுதான் விழும்னு கையேட்டுல இருக்கு," என்றாள் சங்கரவடிவு. "கருங்கோடு விழுந்தா சொந்தப் பழக்கம். அதுமட்டுமில்ல, வருஷத்துக்கு ஒருக்க நிறுத்திப் பாத்துட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கிய. மிஷின் அதையும் எழுதியிருக்கு. கிறிஸ்தவங்கதான நீங்க? தவக்காலத்துல விட்டிருப்பிய."

ஜெபக்கனி சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை அது. "தவக்காலத்துல கறி திங்க மாட்டேன். இல்லாத பழக்கத்த எங்க கொண்டுபோய் நிறுத்த?"

பிறகு அந்தக் கடிதத்தைக் காட்டினாள். "இத யார் எழுதினதுன்னு தெரியுமா? எங்க சாரேதான். 'உனக்காக நானே வந்து வாதாடுதேன், நீ ஒப்புக்கிட்டு ஒரு கையெழுத்து மட்டும் போடு'ன்னு, தானே உக்காந்து டைப் அடிச்சுக் கொண்டாந்தாவ. அவிய ஆபீஸ்ல இருபது வருஷத்துல நான் அடிக்காத ஒரே மனு இதுதான் மேடம்."

சங்கரவடிவுக்குப் பழக்கத்தில் வாய்வரை வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. எலும்பு பொய் சொல்லாது. மையத்தின் வாசலில்கூட அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஏனோ அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஜெபக்கனியின் கணவர் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது அந்த மனிதர் குனிந்து மனைவியிடம், "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு" என்று முணுமுணுத்தது சங்கரவடிவுக்குக் கேட்டது. ஜெபக்கனி நேராகப் பார்த்துக்கொண்டே போனாள்.

அந்த வார்த்தை சங்கரவடிவை விடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் அவளே அதைச் சொல்லியிருக்கிறாள், கூடப் பிறந்த அக்காவிடம். அக்கா பேராச்சி இடுப்பெலும்பு முறிந்து வந்தாள். தங்கச்சி வேலை பார்க்கும் இடம் என்று தைரியமாக வந்தாள். சிவப்பு விழுந்தது. "ஒரு தடவ நல்லாப் பாரு வடிவு" என்றாள் அக்கா. "எலும்பு பொய் சொல்லாதுக்கா, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு" என்றாள் இவள். அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள், ஊன்றுகோலில். அதற்குப்பிறகு பேச்சு வார்த்தை இல்லை. ஒரே ஊரில், நாலு தெரு தள்ளி.

சங்கரவடிவு ஜெபக்கனியின் வாசிப்பை மறுபடி திறந்தாள். இந்த முறை முத்திரையைப் பார்க்கவில்லை, வரிகளைப் பார்த்தாள். ஒன்று ஒன்றாக எண்ணினாள்.

தவக்கால வாரங்கள் கன்னங்கரேல் என்று இருந்தன. மே மாதத்தில் நாலைந்து வரி வெளுத்திருந்தது. அது நீதிமன்ற விடுமுறை, ஆள் வீட்டில் இருந்திருப்பாள். அது புரிந்தது. புரியாதது இன்னொன்று. நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் கடைசிவரை ஆறு வரி, பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. அப்போது நீதிமன்றம் நடக்கும். இவள் வேலைக்குப் போயிருக்கிறாள். முந்தின வருஷமும் அதே ஆறு வாரம். அதற்கும் முந்தின வருஷமும் அதே, நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் கறுத்திருந்தது. நாலாவது வருஷமும் வெள்ளை, ஐந்தாவது வருஷம் மட்டும் வெள்ளை இல்லை. அதற்கு முன்னால் மறுபடி ஆறு வாரம் வெள்ளை.

'நிறுத்திப் பார்த்து மீண்டும் தொடங்கியவர். மனஉறுதி குறைவு' என்று இயந்திரம் எழுதியிருந்தது. இது என்ன மனஉறுதிக் குறைவு? காலண்டர் பார்த்து நிறுத்தி, காலண்டர் பார்த்துத் தொடங்குகிற மனஉறுதிக் குறைவு உலகத்தில் உண்டா? ஒன்பது வருஷமாகத் தானே இப்படி எத்தனை எலும்பில் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, சரி என்று தட்டியிருப்பாள்! சங்கரவடிவுக்குக் காது சூடானது. இன்னும் விடை மட்டும் கிடைக்கவில்லை.

விடை, கையெழுத்துப் போட மறுத்த ஜெபக்கனியின் மேல்முறையீட்டு விசாரணை அன்று வாசல் வழியாகத் தானே நடந்து வந்தது.

மேல்முறையீட்டு அறையில் தலைவர் டாக்டர் அருள்வேலன் நடுவில் இருந்தார். விதைத் திட்டத்தின் விதிகளை எழுதிய குழுவில் இருந்தவர் அவர். பக்கத்தில் இன்னொரு உறுப்பினர், நரைத்த தலையோடு ஒரு அம்மாள், குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஜெபக்கனி சக்கர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக வாதாட வக்கீல் காந்திமதிநாதன் உள்ளே வந்தார். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு. காலில் செருப்பு இல்லை. கறுப்புக் கோட்டுக்கு உள்ளே, வெள்ளைப் பட்டைக்கு அடியில், துளசிமணி மாலை தெரிந்தது.

"சாமி சரணம்," என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு அவர் ஆரம்பித்தார். குரலில் அப்படி ஒரு உருக்கம். "ஐயா, இந்த அம்மா எங்கிட்ட இருபது வருஷமா இருக்காங்க. எனக்கு மகள் மாதிரி. ஏதோ ஒரு மனக்கஷ்டம், பழகிட்டாங்க. வெளிய சொல்ல வெக்கம். மனுஷங்க தப்புப் பண்றதுதான். கருணை வச்சு விதை குடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

"நான் பழகல சார்," என்றாள் ஜெபக்கனி.

"நீ பேசாம இரும்மா. நான் பாத்துக்கறேன்," என்றார் அவர், அன்பாகவே. அந்த அன்பைப் பார்த்துத்தான் சங்கரவடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபீஸ்ல நீங்க குடிக்கிற புகைன்னு அந்த அம்மா சொல்றாங்களே?" என்று உறுப்பினர் அம்மாள் கேட்டார்.

"குடிப்பேங்க, இல்லேங்கல. ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ. அதுவும் ஜன்னல் பக்கமாப் போய் நின்னுக்குவேன். அதுவா எலும்பு வரைக்கும் போகும்?"

டாக்டர் அருள்வேலன் தலையை ஆட்டினார். "போகாது. வேலை நாளில் கருப்பு, லீவில் வெள்ளை. அதனால் இவங்க ஆபீஸ்ல ஒளிச்சுக் குடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். வாசிப்பாளர் உறுதிப்படுத்தினா முடிச்சிரலாம். சிவப்புத்தானே?"

சங்கரவடிவு எழுந்தாள். அவள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. கண் மட்டும் அந்தத் துளசிமணியை விட்டு நகரவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் வக்கீலிடம்.

"கேளுங்க சாமி."

"மாலை என்னைக்குப் போட்டிய?"

"கார்த்திகை ஒண்ணு. வருஷா வருஷம் அதுதான். நாப்பத்தோரு நாள்." அவர் முகம் மலர்ந்தது. "இது பதினெட்டாம் மலை. தென்னங்கன்னு கொண்டுபோறேன்."

"விரதத்துல சிகரெட்டு?"

"சிவ சிவா! மாலை போட்டா தொடுவேனா?"

"பதினெட்டு வருஷமும் விடாமப் போனியளா? இடையில ஒரு வருஷம் போகலைலா? அஞ்சு வருஷத்துக்கு முந்தி?"

வக்கீல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அந்த வருஷம் எங்க அப்பா தவறிட்டாங்க. துக்க வருஷம், மாலை போடக்கூடாது. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜெபக்கனி அக்கா எலும்புல இருக்கு," என்றாள் சங்கரவடிவு.

அவள் திரையைப் போட்டாள். கறுப்பு வரிகளுக்கு நடுவே, வருஷம் தவறாமல், ஆறு வெள்ளை வரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் தொட்டுத் தேதி காட்டினாள். கார்த்திகை ஒன்று, கார்த்திகை ஒன்று, கார்த்திகை ஒன்று. துக்க வருஷத்தில் மட்டும் இடைவெளி இல்லாமல் கருப்பு.

"இந்த அக்கா சர்ச்சுக்குப் போறவங்க. இவுக கார்த்திகையில எதுக்கு விரதம் இருக்கப் போறாவ? விரதம் இருந்தது நீங்க சாமி. எழுதினது இவுக எலும்பு."

"இது தற்செயலா இருக்கலாம்," என்றார் அருள்வேலன்.

"அப்ப இதையும் பாருங்க டாக்டர்." மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையைப் பெரிதாக்கினாள். நாலு வெள்ளை வரி. ஐந்தாவது கருப்பு. ஆறாவது மறுபடி வெள்ளை. "இந்த ஒரு வருஷம் மட்டும் அஞ்சாவது வாரத்துல கறை விழுந்திருக்கு. இது எனக்குப் புரியல. மாலையில இருக்கும்போது..."

"எனக்குப் புரியுது," என்றாள் ஜெபக்கனி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, தன் எஜமானரை மட்டும் பார்த்தாள். "சார், கோவில் நிலக் கேஸு. திங்கக்கிழமை வாதம். நாலு நாளா உங்களுக்கு ஒரு வரி ஓடல. கதவச் சாத்திட்டு ஒரு பாக்கெட்டு முழுசாக் குடிச்சிய. மறுநாளும் குடிச்சிய. 'ஜெபக்கனி, குருசாமி காதுக்குப் போச்சுன்னா என் மானம் போயிரும், யார்ட்டயும் சொல்லிராத'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னிய. சொன்னேனா சார்? இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரர்ட்டகூடச் சொல்லல. உங்க மானத்த நான் காப்பாத்தினேன். நீங்க எனக்கு என்ன எழுதிக் கொண்டாந்திருக்கிய பாருங்க!"

காந்திமதிநாதனின் கை தானாகப் போய் மாலையைப் பிடித்தது.

"உன் முகத்துக்கு நேரா ஒரு நாளும் ஊதினதில்லையே ஜெபக்கனி..."

"முகத்துக்கு நேரா இல்ல. முதுகுக்குப் பின்னால."

அவர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். "அது என் புகைதான். மாலை போட்ட கழுத்தோட சொல்றேன், அது என் புகைதான்," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும், நியாயம் என்று ஒன்று இருந்தால். டாக்டர் அருள்வேலன் தொண்டையைச் செருமினார்.

"வருத்தமான விஷயம்தான். ஆனா விதியில யாரோட புகைங்கற கேள்வி இல்லை. கறை இருந்தா சிவப்பு. கறைபட்ட எலும்பில் விதை பிடிக்காது, வீணாப் போகும். இது மருத்துவம். இதுல உணர்ச்சிக்கு இடமில்ல."

"மருத்துவமா?" சங்கரவடிவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "விதை பிடிக்க எத்தன வாரம் சுத்தமா இருக்கணும் டாக்டர்? நீங்க எழுதின பாடத்துலதான் நான் படிச்சேன்."

அவர் கோப்பைப் புரட்டினார்.

"ஆறு வாரம். இவுக விழுந்து மூணு மாசம் ஆச்சு. அந்த ரூம் பக்கமே போகல. முறிவ ஒட்டிப் பூசியிருக்கிற புது எலும்பு பாருங்க, பன்னெண்டு வரி, சுத்த வெள்ளை. இன்னைக்கு வச்சாலும் பிடிக்கும். ஆறு வாரம் போதும்னா அஞ்சு வருஷம் எதுக்கு?"

"ஜனங்களுக்கு ஒரு பயம் வேணுமில்லையா?" என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது.

"அப்ப அது தண்டனைன்னு வாசல்ல எழுதி வைங்க! மருத்துவம்னு எதுக்கு எழுதுதிய? ஊதினவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. மலை ஏறப் போறாரு. உக்காந்து டைப் அடிச்சவளுக்குத் தண்டனை!"

வேலை போய்விடும் என்ற நினைப்பு ஒரு ஓரத்தில் வந்தது. போனால் போகட்டும், எலும்பில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத வாசிப்பாளருக்கு என்ன வேலை வேண்டிக்கிடக்கிறது!

உறுப்பினர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "தலைவரே, நான் விதை குடுக்கணும்னு எழுதறேன். நீங்க மறுத்து எழுதுங்க. ரெண்டும் மேல போகட்டும். ஆறு வாரம்னு உங்க பாடத்துல இருக்கறதையும் சேத்து அனுப்பறேன்."

டாக்டர் அருள்வேலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "சரி. இந்த ஒரு கேஸுக்கு மட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே நடைபாதையில் காந்திமதிநாதன் நின்றுகொண்டிருந்தார். ஜெபக்கனியின் நாற்காலி வந்ததும், "அம்மா..." என்று தொடங்கினார். அவள் கையை நீட்டினாள்.

"அந்தக் கடிதத்தக் குடுங்க சார்."

அவர் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். ஜெபக்கனி அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். "வீட்டுல போய் நானே டைப் அடிச்சுத் தாரேன். பேர மட்டும் மாத்தினாப் போதும். நீங்க கையெழுத்துப் போடுங்க." நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த கணவர் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கும் ஒரு நகல் வரும்."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த ஒரு கேஸுக்கு மட்டும். சங்கரவடிவு தன் அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தை காதுக்குள் இருந்தது. ஒரு கேஸ் என்றால் மீதிக் கேஸ்கள்? பெண்களுக்கு விழுந்த சிவப்புகளைத் திரையில் கேட்டாள். பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றின் கீழும் வாசிப்பாளர் என்ற இடத்தில் ஒரே பெயர்.

எதை முதலில் திறப்பது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமலே விரல் அங்கே போனது. பேராச்சி, வயது நாற்பத்திரண்டு, இடுப்பெலும்பு.

வரிகளை எண்ணினாள். பத்து மாதம் வெள்ளை, இரண்டு மாதம் கருப்பு. பத்து மாதம் வெள்ளை, இரண்டு மாதம் கருப்பு. வருஷா வருஷம் சித்திரையும் வைகாசியும். கப்பலில் வேலை பார்க்கிற அத்தான் விடுப்பில் ஊருக்கு வந்து, ஏசி அறையில் படுத்துக்கொண்டு ஊதித் தள்ளுகிற இரண்டு மாதம். எதையும் ஒளித்து வைக்கவில்லை, எல்லாம் திரையிலேயே இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கண்ணுக்கு முன்னால் இதே திரையில்தான் இருந்தது. அவள் முத்திரை விழுந்ததை மட்டும் பார்த்தாள்.

சாயங்காலம் நாலு தெரு தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள். ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் மெதுவாக வந்தது. பேராச்சி கதவைத் திறந்து, தங்கையைப் பார்த்து, உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எக்கா, உன் வாசிப்ப மறுபடி பாத்தேன்."

"எந்த மாசம் கருப்பு?"

"சித்திரையும் வைகாசியும்."

"அதத்தான் அன்னைக்கே நல்லாப் பாக்கச் சொன்னேன்," என்றாள் பேராச்சி. "உங்க அத்தானும் அன்னைக்கு இந்த வீட்டுலதான் இருந்தாரு. 'பொம்பள சிகரெட் குடிச்சான்னு ஊரு சிரிக்கும், பேசாம இரு'ன்னுட்டுக் கப்பலுக்குப் போயிட்டாரு. நீயாவது பாப்பன்னு நினைச்சேன்."

பிறகு, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிக் கேட்பது மாதிரிக் கேட்டாள். "இப்ப விதை வைக்க முடியுமா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுகூடச் சங்கரவடிவுக்கு ஒரு கணம் தோன்றியது. "இல்லக்கா. ரெண்டு முனையும் மூடிட்டு. நாலு வருஷம் ஆச்சுலா."

"பொறவு எதுக்கு வந்த?"

அவள் கைப்பையில் இருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். மையத்தில் சிவப்பு விழுந்தவர்களுக்குக் கொடுக்கும் மன்னிப்புப் படிவம். 'புகைத்த நான்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, மேலே 'வாசித்த நான்' என்று கையால் எழுதியிருந்தாள். கீழே பேராச்சியின் பெயர், முறிந்த தேதி, கறுத்த மாதங்கள், யாருடைய புகை, ஆறு வாரம் போதும் என்கிற கணக்கு, எல்லாம் இருந்தன. நகல் பெறுவோர் என்ற இடத்தில் மையத்தின் பெயரும் அமைச்சகத்தின் பெயரும் கப்பல் கம்பெனியின் பெயரும் இருந்தன.

பேராச்சி நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரு வரி விடாமல், உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். படித்து முடிக்கிறவரை தங்கையை உட்காரச் சொல்லவில்லை.

"இதே மாதிரி இன்னும் எத்தன பேரு?"

"இன்னும் எண்ணலக்கா. நாளைக்கு எண்ணணும். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போகணும்."

பேராச்சி தாளைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி முன்பக்கம் பார்த்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்து அலமாரியில் எட்டி ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"கீழ கையெழுத்துப் போடலையே."

சங்கரவடிவு பேனாவை வாங்கிக்கொண்டாள்.